பதினாலு மூடி

அத்தியாயம் 6

"சென்னியம்மாள் யாருன்னு கண்டுபிடிங்க. எங்கப்பா அங்கதான் இருப்பாரு!"

சொன்ன வேகத்தில் அந்தப் பெண் ஒரு தாளை மேஜைமேல் அறைந்தாள். என் டீ பாதி சிந்திவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு வரும் முதல் டீ அது. வேறு இடமாக இருந்தால் நான் யாரென்று காட்டியிருப்பேன். பச்சமுத்து துப்பறியும் நிலையத்தில் எனக்குச் சம்பளம் தருவதே இந்த மாதிரி நேரத்தில் சிரிப்பதற்காகத்தான் என்பதால், சிரித்தேன்.

"உக்காருங்க அம்மிணி" என்றார் பச்சமுத்து. "மொதல்ல உங்க பேரு. அப்பறம் சென்னியம்மாள் பேரு."

பச்சமுத்துவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பத்தொன்று. சேலத்தில் லாரி புக்கிங் ஆபீஸில் இருபது வருடம் உட்கார்ந்து, எந்த லோடு எந்த ஊரில் நின்றுபோனது என்று தேடித் தேடியே பழகியவர். பிறகு மனிதர்களைத் தேட ஆரம்பித்துவிட்டார். ஆபீஸுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில்தான் குடியிருப்பு. அவரை யாராவது தேடி வந்து நான் பார்த்ததில்லை. நான் நர்மதா, உதவியாளர். சேலத்தில் குகை என்ற பகுதியில் தனியாக வாடகைக்கு இருக்கிறேன். எங்கள் வீட்டுத் தறிச் சத்தத்தைவிட என் வாய்ச் சத்தம் அதிகம் என்று அம்மா சொல்வாள். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது.

வந்தவள் பெயர் தனப்பிரியா. கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அப்பா மணியன், அறுபத்து மூன்று வயது. முப்பது வருடம் போர்வெல் ரிக் லாரியில் டிரில்லர். திருச்செங்கோட்டு ரிக்கோடு வடநாடெல்லாம் சுற்றிவிட்டு, கடைசி நாலு வருடம் ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டில் வேலை பார்த்தார். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று திரும்பி வந்தார். அந்த அம்மா இறந்து இரண்டு வருடம். அதிலிருந்து ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கிறார்.

"ஞாயித்துக்கெழமையில இருந்து போன் சுவிட்ச் ஆஃப்புங்க. என்ற தம்பி கௌசிக் இப்ப அதே மொசாம்பிக்ல அதே கம்பெனியில இருக்கறான். ஞாயிறு ராத்திரி தவறாம அப்பாவுக்குக் கூப்புடுவான். எடுக்கலைன்னு அவந்தான் எனக்குச் சொன்னான். நேத்து நானும் ஊட்டுக்காரரும் போய்ப் பாத்தோம். ஊடு பூட்டிக் கெடக்குது, மொபெட்டக் காணம். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டோம்."

"தம்பி சொல்லித்தான் தெரிஞ்சுதா?" என்றேன். "நீங்க கூப்புடறதில்லையா?"

அவள் முகம் மாறியது. "அஞ்சு மாசமாப் பேச்சு இல்லீங்க."

"காரணம்?"

அவள் அந்தத் தாளை விரலால் தட்டினாள்.

பதினாலு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று எண்கள். ஐந்து மாதத்துக்கு முன் மணியன் தன் லேப்டாப்பிலிருந்து இதை மகள் கடைக்கு அனுப்பி, 'பிரிண்ட் எடுத்து வை சாமி' என்று கேட்டிருக்கிறார். மகள் திறந்து பார்த்தாள்.

வேலுசாமி 1,11,683 7,78,912 640
காளியப்பன் 1,13,774 7,78,940 920

இப்படியே போய், கடைசி வரியில்:

சென்னியம்மாள் 1,17,389 7,80,214 870

"ஒரு பொம்பளை பேருதான் இருக்குதுங்க. அதுவும் கடைசியில. எங்கம்மா போய் ரெண்டு வருசங்கூட ஆகல. யாருப்பா இந்த சென்னியம்மாள், இவங்களுக்கு எதுக்கு லட்சம் லட்சமாக் குடுத்தீங்கன்னு கேட்டேன். பணமா, அப்படீன்னாரு. தலையக் குனிஞ்சுட்டாரு. 'அது உனக்கு வேண்டாஞ் சாமி'ன்னாரு. அவ்வளவுதான். நானும் என்னென்னமோ பேசிப்போட்டேன்."

என்னென்னமோ என்பது என்ன என்று நான் கேட்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

பச்சமுத்து தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "நர்மதா, உனக்குக் கடன் வேணும்னா எவ்வளவு கேப்பே?"

"உங்ககிட்டயா? கேட்டு என்ன ஆகப்போகுது?"

"ஊர்ல ஒரு மனுசங்கிட்ட."

"ஒரு லட்சம். இல்லைன்னா அம்பதாயிரம்."

"ஒரு லட்சத்துப் பதிமூவாயிரத்து எழுநூத்தி எழுவத்தி நாலு ரூவா குடுங்கன்னு கேக்க மாட்டியா?"

"அப்படிக் கேட்டா சோடா வாங்கிக் குடுத்து அனுப்பிடுவாங்க சார்."

"அதேதான். பதினாலு பேருல ஒருத்தருக்குக்கூட முழுத் தொகை இல்ல. மொத எண்ணு எதுவும் ஒரு லட்சத்துப் பதினோராயிரத்துக்குக் கொறையல, பதினெட்டாயிரத்தத் தாண்டல. ரெண்டாவது எண்ணு ஏழே முக்கால் லட்சத்தையே சுத்திச் சுத்தி வருது. எல்லாத்தையும் கூட்டினா ஒண்ணேகால் கோடி. டிரில்லர் சம்பளத்துல ஒண்ணேகால் கோடியா?" தாளை மடித்துப் பையில் வைத்தார். "இது பணமே இல்ல அம்மிணி. என்னன்னு எனக்கும் தெரீல. ஊட்டுச் சாவி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"வண்டிய எடு நர்மதா."

வண்டி என்றால் எங்கள் ஆம்னி வேன். அதன் ஹாரன் மட்டும் அடிக்காது, மற்றதெல்லாம் அடித்துக்கொள்ளும்.

*

ஜேடர்பாளையம் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். வாய்க்காலை ஒட்டிய மண் பாதையில் கடைசி வீடு. பக்கத்து வீடு என்று சொல்ல வேண்டுமானால் ஒரு பர்லாங் நடக்க வேண்டும். 

பூட்டைத் திறந்து உள்ளே போனோம். எல்லாம் சுத்தமாக இருந்தது. கவிழ்த்து வைத்த ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சின்ன குக்கர். கொடியில் ஒரு வேட்டி, ஒரு சட்டை. என் அறைக்குள் யாராவது இப்படி நுழைந்தாலும் இதையேதான் பார்ப்பார்கள் என்று தோன்றியது. அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"டிவி மேல துண்டு போட்டு வெச்சிருக்காரு" என்றார் பச்சமுத்து. "பிளக்கும் புடுங்கியிருக்கு. கெட்டுப்போச்சுங்களா?"

"தெரீலீங்க. முன்னெல்லாம் நியூஸ் பாத்துக்கிட்டே இருப்பாரு. போன வருசம் எங்கயோ ஒரு குழந்தை போர்வெல் குழியில உழுந்துதுன்னு விடிய விடியக் காட்டுனாங்க. அதப் பாத்ததுல இருந்து டிவியே வேண்டாம்னுட்டாருன்னு தம்பி சொன்னான்."

பச்சமுத்து சுவரைப் பார்த்தார். தினசரிக் காலண்டரில் சனிக்கிழமைத் தாள் கிழிக்கப்பட்டு ஞாயிறு மேலே நின்றது. ஆக, ஞாயிறு காலை எழுந்து சனிக்கிழமையைக் கிழித்திருக்கிறார். அப்புறம் கிழிக்க ஆள் இல்லை. காலண்டர் அட்டையில் பென்சிலால் ஒரு குறிப்பும் இருந்தது: 'லேத் பட்டறை - மூடி 14.'

"ஆக்கறது ஒரு குக்கர் சோறு" என்றேன். "அதுக்குப் பதினாலு மூடியா?"

ஜோக் அடித்துவிட்டேனே தவிர, சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது. பச்சமுத்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"பதினாலு பேரு" என்றோம் இருவரும்.

வீடு முழுக்கத் தேடினோம். மூடி ஒன்றுகூட இல்லை. கொல்லைப்புறத்தில் அரை மூட்டை சிமெண்ட் இருந்தது. பூசி முடித்த வீட்டில் அது எதற்கென்று தனப்பிரியாவுக்கும் தெரியவில்லை.

லேப்டாப் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் இருந்தது. பச்சமுத்து திறந்தார். மூலையில் மணி எட்டு நாற்பது என்று காட்டியது. என் போனில் பன்னிரண்டு பத்து.

"உங்கப்பா கம்ப்யூட்டர்ல இப்பத்தான் விடியுது" என்றேன்.

"அது மொசாம்பிக் நேரமுங்க" என்றாள் தனப்பிரியா. "மூணரை மணி நேரம் பின்னால. அங்க வாங்கின லேப்டாப்பு. மாத்தித் தாரேன்னு நான் எத்தனையோ தடவை கேட்டேன். வேண்டவே வேண்டாம்னாரு. தம்பிக்கு அங்க இப்ப மணி என்ன, சாப்ட்ருப்பானா, தூங்கியிருப்பானான்னு பாத்துக்கிட்டே இருப்பாராமா. கிழமை பேருகூட அந்த ஊரு பாஷையிலதான் வரும்."

பச்சமுத்துவின் கை அப்படியே நின்றது. "ஆக, இதுல எல்லாமே அந்த ஊரு வழக்கம்தான்?"

"ஆமாங்க."

அவர் மணியனின் கோப்பைத் திறந்தார். அதே பதினாலு பெயர்கள். ஒரு புதிய கட்டம் சேர்ந்திருந்தது. சென்னியம்மாளைத் தவிர மற்ற பதின்மூன்று பேருக்கும் எதிரே டிக் இருந்தது. ஆனால் எண்கள் வேறு மாதிரி இருந்தன. தாளில் 1,13,774 என்று இருந்தது இங்கே 113.774 என்று இருந்தது. 7,78,940 என்பது 778.940.

"பாத்தீங்களா, லட்சத்தக் காணம்" என்றார். "இங்க இருக்கறது புள்ளி. உங்க கடை கம்ப்யூட்டர்ல நம்ம ஊரு வழக்கப்படி லட்சமா விரிஞ்சிருக்குது."

"அப்ப நூத்திப் பதிமூணு புள்ளி ஏழு ஏழு நாலா?" என்றேன். "அது மட்டும் என்னவாம்?"

"இரு." காலியான ஒரு கட்டத்தில் 2.5 என்று அடித்து என்டர் தட்டினார். எண் இடது பக்கமாக ஒதுங்கி நின்றது. அடுத்த கட்டத்தில் 2,5 என்று அடித்தார். அது வலது பக்கம் போய் நின்றது.

தனப்பிரியா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எண்ணுன்னா வலப்பக்கம் போகும், வெறும் எழுத்துன்னா இடப்பக்கம் நிக்கும். அந்த ஊர்ல தசமத்துக்குக் கமா! புள்ளி வெச்சா ஆயிரத்தப் பிரிக்கறதுன்னு எடுத்துக்கும்!"

"அப்ப நம்ம பழக்கத்துல ஒரு ஆளு புள்ளி வெச்சு அடிச்சா?" பச்சமுத்து மெதுவாக 11.3774 என்று அடித்தார். என்டர் தட்டினார்.

எங்கள் மூவர் கண் முன்னால் புள்ளி நகர்ந்தது. 113.774.

பச்சமுத்து நாற்காலியில் சாய்ந்தார். "அவரு அடிச்சது பதினொண்ணு புள்ளி மூணு ஏழு ஏழு நாலு. அதுக்கடுத்தது எழுவத்தேழு புள்ளி எட்டு ஒன்பது நாலு சைபர். நர்மதா, நீ இங்க வர்றதுக்கு மேப் போட்டியே, இந்த ஊடு எத்தனையில இருக்குது பாரு."

போனில் நாங்கள் நிற்கும் இடத்தை அழுத்திப் பார்த்தேன். 11.16, 77.88 என்று ஆரம்பித்தது.

"சார், இது இடம்!"

"இடம்தான். நம்ம சேலம், நாமக்கல் பக்கம் எங்க நின்னாலும் பதினொண்ணு. அடுத்தது எழுவத்தேழு இல்லைன்னா எழுவத்தெட்டு. லட்சம் எப்படி ஒரே மாதிரி வந்துதுன்னு இப்பப் புரியுதா? ரிக் வேலையில ஒவ்வொரு போர் போட்டதும் இடத்துல நின்னு போன்ல பாத்து எழுதுவாங்க. எந்த எடம், எத்தனை அடி ஆழம். மூணாவது எண்ணு அடி."

"அப்ப மூடி?" என்றாள் தனப்பிரியா.

"தண்ணி வராத குழிங்க, அம்மிணி. உங்கப்பா போட்டு, புழுதி மட்டும் வந்த குழிங்க. குழி வாயில இறக்கின கேசிங் பைப்ப உருவி எடுத்துட்டு, வாயத் திறந்தபடியே விட்டுட்டுப் போனது. அந்தக் குழந்தை செய்தியப் பாத்ததுல இருந்து அவருக்குத் தூக்கம் இல்ல. தேடிப் புடிச்சு ஒண்ணொண்ணா மூடிட்டு வாராரு. மூடிட்டு ஊட்டுக்கு வந்து டிக் போடுவாரு. பதிமூணு டிக் இருக்குது." சென்னியம்மாள் வரியில் விரலை வைத்தார். "இங்க போனவரு இன்னும் வரல."

தனப்பிரியா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஏற்கெனவே எண்களைப் போனில் அடித்துக்கொண்டிருந்தேன். 11.7389, 78.0214. மேப்பின் ஊசி ஓமலூர்ப் பக்கம், தார்ச்சாலையை விட்டு வெகு தூரத்தில், வெறும் மேட்டுக் காட்டின் நடுவில் போய்க் குத்திக்கொண்டது. பக்கத்தில் ஒரு வீட்டுக் கூரைகூட இல்லை.

இங்கிருந்து அது எண்பது கிலோமீட்டர். பச்சமுத்து 108-க்குப் பேசி எண்களைச் சொன்னார். அடுத்து ஓமலூரில் பஞ்சர் கடை வைத்திருக்கும் தமிழரசுவைக் கூப்பிட்டார். லாரி புக்கிங் காலத்துப் பழக்கம். "கடைய அப்படியே போட்டுட்டுப் பைக்க எடு. நர்மதா உனக்கு இடம் அனுப்புவா. ஒரு பெரியவரு ரெண்டு நாளா அங்க கெடக்கறாரு. தண்ணி எடுத்துக்க."

பேசிக்கொண்டே அவர் லேப்டாப்பில் கீழே போகும் அம்புக்குறியை அழுத்தியபடி இருந்தார். எங்கோ ஓரிடத்தில் நிறுத்தினார். பார்த்தார். மூடிவிட்டார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. லேப்டாப்ப எடுத்துக்குங்க அம்மிணி. கெளம்பலாம்."

*

அந்தப் பயணத்தை நான் மறுபடி செய்ய விரும்பவில்லை. தனப்பிரியா லேப்டாப்பை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்தபடி வந்தாள். சங்ககிரி தாண்டியும் தமிழரசுவிடமிருந்து போன் இல்லை. கூப்பிட்டால் எடுக்கவும் இல்லை.

"ஒரு நாளைக்கு நூறு ஃபைல் தொறக்கறவ நான்" என்றாள் திடீரென்று. "தேதி மாறிப்போச்சு, கமா மாறிப்போச்சுன்னு ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் சரி பண்ணிக் குடுக்கறேன். எங்கப்பா ஃபைல மட்டும் அப்படிப் பாக்கத் தோணலையே. பாத்த உடனே பணம்னு முடிவு பண்ணிட்டேன். அம்மா சாம்பல்கூட ஆறலைன்னு கேட்டேனுங்க. அதுக்கும் அவரு ஒரு வார்த்தை சொல்லல."

பயத்தை மறைக்க வேண்டுமே என்று பச்சமுத்து பக்கம் திரும்பினேன்.

"சார், நான் மூணு நாள் வரலைன்னா தேடுவீங்களா?"

"ஆபீஸ் சாவி உங்கிட்டத்தான இருக்குது? தேடித்தான் ஆவோணும்."

"சாவிக்காகவா?"

கொஞ்ச தூரம் போன பிறகு, "மொத நாளே தேடுவேன்" என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

ஒன்று நாற்பதுக்கு போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். காற்றுச் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம்.

"அண்ணா, ஒரே முள்ளுக் காடுங்ணா. பைக்கு டயர்ல முள்ளு ஏறிப்போச்சு, நடந்துதான் வந்தேன். ஆம்புலன்ஸ் தார் ரோட்டுல நிக்குது, ஸ்ட்ரெச்சர் எடுத்துட்டு வாராங்க."

"ஆளு இருக்குதா?" பச்சமுத்து போனை நோக்கிக் குனிந்தார்.

"இருக்காருங்ணா. பேசறாரு. காலு ஒடஞ்சிருக்கும்போல, வீங்கிக் கெடக்குது. மொபெட் பக்கத்துல சாஞ்சு கெடக்குது. வேலிக்காத்தான் மர நெழல்ல படுத்திருக்காரு. சிமெண்டுக்குக் கொண்டுவந்த தண்ணி கேன் இருந்திருக்கு, அதக் குடிச்சுட்டுத்தான் இருந்திருக்காரு. ஒரு இரும்பு மூடி மேல தலைய வெச்சிருக்காருங்ணா. நகுருங்கய்யான்னா, குழிக்குச் சிமெண்ட் இன்னும் போடல, மூடி நகந்தா யாராவது உழுந்துருவாங்க, நான் நகர மாட்டேங்கறாரு."

தனப்பிரியா வாய்விட்டு அழுதாள். நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். எனக்கும் ரோடு தெரியவில்லை.

"தமிழரசு" என்றார் பச்சமுத்து. "அந்தக் குழிய நாம மூடிக்கறோம்னு நான் வாக்குக் குடுத்தேன்னு சொல்லு. அப்ப நகருவாரு."

நகர்ந்தார்.

*

ஓமலூர் ஆஸ்பத்திரியில் காத்திருந்து, வார்டுக்குள் எங்களை விட்டபோது மாலை நாலரை. எக்ஸ்ரே எடுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. ஒல்லியான மனிதர், வெயிலில் தோல் உரிந்த முகம்.

தனப்பிரியா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மணியன்தான் பார்த்தார்.

"கடைய யாரு பாத்துக்கறாங்க சாமி?"

ஐந்து மாதம் கழித்து அப்பா மகளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவள் ஓடிப்போய்க் கட்டில் விளிம்பில் முகத்தை வைத்துக்கொண்டாள். நானும் பச்சமுத்துவும் ஜன்னலைப் பார்த்தோம். ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை.

பிறகு மணியன் மெதுவாகச் சொன்னார். குழியை எட்டிப் பார்த்தபோது சட்டைப் பையிலிருந்து போன் நழுவி உள்ளே போய்விட்டது. "எண்ணூத்தி எழுவது அடிங்க. உழுந்த சத்தம் வர்றதுக்கு நேரமாச்சு" என்றார். யாரையாவது கூப்பிடலாம் என்று மொபெட்டை எடுத்துத் திருப்பியபோது வரப்பு சரிந்து, சிமெண்ட் மூட்டையோடு வண்டி காலில் விழுந்துவிட்டது.

"இந்தக் கூத்துல அந்த மூடிய இழுத்து வேற போட்டீங்களா?" என்றேன்.

"அதுக்குத்தானுங்க போனதே."

"யாருங்கப்பா சென்னியம்மாள்?" தலையைத் தூக்காமலே கேட்டாள் தனப்பிரியா.

"அந்தக் காட்டுக்காரம்மா. இங்க தண்ணி இருக்காது, வேண்டாம்னு சொன்னாங்க. நாந்தான் இருக்குதுன்னு அடிச்சுச் சொல்லிப் போட வெச்சேன். கல்லும் புழுதியுந்தான் வந்துது. எருமையெல்லாம் வித்துப்போட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிட்டாங்க. இப்ப எங்க இருக்கறாங்கன்னுகூடத் தெரியாது. அத எப்படி சாமி உங்கிட்டச் சொல்லுவேன்? எம்மேல உனக்கு ஒரு மதிப்பு இருந்துது."

அவள் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள். "இந்தப் புள்ளிய மொதல்ல சரி பண்றேன். இனிமே இந்தக் கூத்து வேண்டாம்."

மணியன் பதறிவிட்டார். "நேரத்த மாத்திராத சாமி! அது அவன் நேரம்."

"நேரம் வேறப்பா, புள்ளி வேற. நேரம் அப்படியே இருக்கும், எண்ணு மட்டுந்தான் நம்ம ஊருக்கு வரும்." செட்டிங்ஸுக்குள் போய்த் தசமக் குறிக்குப் புள்ளியை வைத்தாள். ஆயிரம் பிரிக்கக் கமாவை வைத்தாள். திரும்பி வந்து பார்த்தாள். "ஏற்கெனவே ஏறின எண்ணு தானா மாறாது. பத்தாயிரத்தால வகுக்கோணும்." கடகடவென்று வகுத்துக்கொண்டே போனாள். 1,13,774 இருந்த இடத்தில் 11.3774 வந்து நின்றது. பதினாலு பேரும் அவரவர் நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

"கீழ இன்னொண்ணு இருக்குதுங்க அம்மிணி" என்றார் பச்சமுத்து. "கொஞ்சம் தள்ளி."

மணியன் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் கீழே போனாள். வெறும் கட்டங்கள். இன்னும் கீழே. தனியாக ஒரு வரி இருந்தது.

தனப்பிரியா 1,17,142 7,81,693

அடி எதுவும் எழுதவில்லை. டிக் இல்லை.

நானே வகுத்தேன். 11.7142, 78.1693. போனில் அடித்தேன். ஊசி கொண்டப்பநாயக்கன்பட்டியில் இறங்கியது. பெரிதாக்கினேன். ஜெராக்ஸ் கடையின் பெயர் வந்தது. ஊசி நின்றது கடைக்குள் இல்லை, எதிர்ச் சாரியில்.

"இடத்துல நின்னுதான எழுதுவீங்க?" என்றாள் அவள். "எப்பப்பா வந்தீங்க?"

"சித்திரையில ஒருக்கா. அப்பறம் ரெண்டு மூணு தடவை."

"ஏன் உள்ள வரல?"

"ஆளுங்க வரிசையா நின்னாங்க. நீ சோலியா இருந்தே." அவர் கண்ணைத் திறக்கவில்லை. "உள்ள வந்திருந்தா டிக் போட்டிருப்பேன்."

பச்சமுத்து என் கையைத் தொட்டு வெளியே கூப்பிட்டார். வாசற்படி தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். தனப்பிரியா டிக் போடவில்லை. லேப்டாப்பை மூடி அப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"டிஸ்சார்ஜ் ஆனதும் நம்ம ஊட்டுக்குத்தான் போறோம்" என்றாள். "உள்ள வந்து உக்காந்து, நீங்களே போடுங்க."

வராந்தாவில் பச்சமுத்து தமிழரசுவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். காலையில் ஒரு மூட்டை சிமெண்டோடு வரச் சொல்லிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும், "உன்ற ஊட்டு அட்ரஸ் குகையில எங்க?" என்று கேட்டார். மூன்று வருடமாக அவரிடம் வேலை பார்க்கிறேன். அன்றுதான் கேட்டார். சொன்னேன். காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் எழுதி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.